ஐயாசாமியின் ஆறாவது விரல்

கூலாயில் அந்தத் தாமான் குடியிருப்பில் யார் புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஐயாசாமியின் ஆறாவது விரல் சாவியைத் தொட்ட பிறகுதான் வண்டி நகரும். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் அவரைக்கொட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த விரல். போன வருஷம் அவரோடு அதுவும் போய்விட்டது.

மகள் ரூபினிக்கும் பிறக்கும்போது இருந்ததுதான். ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள், மிளகளவு தழும்புதான் மிச்சம். இப்போது அவளுக்கு மாதம் ஒன்பது. அப்பாவின் விரல் பிள்ளைக்கு வருமா என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

தம்பி சுகுமாறன் புது மோட்டார் வாங்கி, பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல் அந்த விரலுக்காக மூன்று வாரமாகக் காத்திருந்தான். ஆனாலும் சந்தேகம்.

"வெட்டிப்போட்டது எப்படிக்கா வரும்?"

"விரலைத்தான் வெட்டினாங்க மச்சான், ஜீனையா வெட்டினாங்க?" என்றான் ரூபினியின் கணவன் செல்வா. "இது ஆதிக்கப் பண்பு. அம்மா, அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்தாலே போதும்."

"அப்போ கண்டிப்பா வரும்!"

"அலமாக்! பாதிக்குப் பாதி லா. உங்கக்காவுக்கு வந்துச்சு, உனக்கு வரல பாரு."

சுகுமாறன் காதில் 'ஆதிக்கம்' மட்டும்தான் விழுந்தது. அன்று சாயங்காலமே தாமான் முழுக்கச் சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை பெண் பிறந்தாள். ரூபினி முதலில் பிஞ்சுக் கைகளைத்தான் பிரித்தாள். வலது ஐந்து. இடது ஐந்து. மறுபடி எண்ணினாள். எண்ண எண்ணக் கூடுமா என்ன?

"அப்பா நெசமாவே போயிட்டாருங்க," என்று அழுதாள்.

துணி மாற்ற வந்த மலாய்த் தாதி திடீரென்று, "எனாம்! எனாம்!" என்று சிரித்தாள். ஆறா? செல்வா குனிந்து எண்ணினான். இடது பாதத்தில் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், பச்சைப் பட்டாணி போல இன்னொன்று!

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும்!" என்று ரூபினி கட்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

சுகுமாறன் முகம் மட்டும் தொங்கியது. "கால்லயாக்கா? சாவியக் காலால தொட்டா சாமி குத்தமாயிடுமே?"

"கியர எதால போடுற, மூக்காலயா?" என்றான் செல்வா.

முப்பதாம் நாள், மாலை போட்ட மோட்டார் பக்கத்தில் தாமானே கூடியது. ரூபினி பாப்பாவின் காலைக் கியரில் லேசாக வைத்தாள். பாப்பா உதறினாள்.

முதல் கியர் அப்போதே விழுந்துவிட்டது என்று சுகுமாறன் இன்றும் சாதிக்கிறான்.