அட்டை வைத்துக் கட்டவும்

காத்தாயி காலால் பிறந்தவள். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பதைத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் நம்பாதவர்கள் குறைவு. நடவு வயலில் இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் வரப்பில் குப்புறப் படுப்பார்கள். இவள் சேற்றுக் காலை வாய்க்காலில் அலசிவிட்டு வந்து மூன்று மிதி மிதிப்பாள். முப்பது வருஷம் நாற்றுப் பறித்து நட்டு, இனிமேல் குனியமாட்டேன் என்று அவள் முதுகே சொன்ன பிறகுதான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு வந்தாள். மருத்துவ அறையில் போட்டார்கள்.

நர்ஸ் ஜெயபாரதி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"காத்தாயிக்கா, உங்க காலோட பேரு எனக்கும் தெரியும். இந்த ரூமுக்குள்ள அது தரையிலயே இருக்கட்டும். எலும்பு உடைஞ்சிருக்கிற கையை மிதிச்சா ஆயுசுக்கும் கோணிக்கும். மிதிச்சீங்கன்னு தெரிஞ்சா மறுநாளே வேற வேலைக்கு மாத்திருவேன்."

காத்தாயிக்கு அந்த அறையை விட மனமில்லை. மேலே ஃபேன். ஓரத்தில் ஒரு ஸ்டூல். உட்கார்ந்து பார்க்கிற வேலை அவளுக்கு வாழ்நாளில் இதுதான் முதல்.

ஒருநாள் ஜெயபாரதி தஞ்சாவூருக்கு மீட்டிங் போயிருந்தாள். எதற்கு என்ன செய்வது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். காத்தாயி எழுத்துப் படித்ததே ஐம்பது வயதில், சாயங்கால வகுப்பில்தான். களை பறிக்கிற மாதிரி ஒரு எழுத்தையும் விடாமல் விரல் வைத்துத்தான் படிப்பாள்.

காலையில் ஒருத்திக்கு மூக்கில் ரத்தம். குனிய வைத்து மூக்கைப் பிடித்தாள், நின்றது. அடுத்து மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அன்று கணக்குப் பரீட்சை.

"ஏண்டி, மூணு பேருக்கும் சேந்தாப்புல வந்த வலி சேந்தாப்புலதான் போவுமா?"

"ஆமா ஆயாம்மா. பெல் அடிச்சா போயிரும்."

வெந்நீர் கொடுத்துப் படுக்க வைத்தாள். பெல் அடித்ததும் போய்விட்டது.

மத்தியானம் பி.டி. சார் ராஜ்குமார் பர்வினைக் கூட்டிக்கொண்டு வந்தார். கபடியில் விழுந்து வலது மணிக்கட்டு கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. கூடவே அவள் தோழி கலைமகளும் வந்தாள்.

"வெறும் சுளுக்குதான். நாளைக்கு ஒரத்தநாட்டுல மேட்ச். இவ இல்லாட்டி டீமே இல்ல. லேசா ஒரு மிதி மிதிங்க, நர்சுகிட்ட யாரு சொல்லப்போறா?" என்றார் ராஜ்குமார்.

"மிதிச்சிடுங்க ஆயாம்மா," என்றாள் பர்வின், கண்ணில் தண்ணீரோடு. "எங்க உம்மாவுக்குத் தெரிஞ்சா கபடியே கெடையாதுன்னுரும்."

காத்தாயியின் கால் கட்டைவிரல் தானாக அசைந்தது. அதைச் செருப்புக்குள் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். வீக்கம். தேய்க்கக் கூடாது. இழுக்கக் கூடாது. ஐஸ் வைக்கவும். அட்டை வைத்துக் கட்டவும். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும்.

ஐஸ் வைத்தாள். அடுத்த வரியில் விரல் நின்றது. அட்டை. இன்னொரு தரம் கூட்டிப் படித்தாள். அட்டையேதான். முழங்கால் வரைக்கும் ஏறிய எத்தனை அட்டையைப் பிய்த்து எறிந்திருக்கிறாள்! வீக்கத்தில் அட்டை விடுகிற வைத்தியத்தை அவளும் கேள்விப்பட்டதுண்டு. என் கால் ஆகாதாம், அட்டை ஆகுமாம். படித்தவர்கள் எழுதினால் காரணம் இருக்கும்.

ஜெயபாரதிக்கு நாலு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை.

"கலைமகளு, பின்னாடி வாய்க்கால்ல முந்தாநாள்தான் தண்ணி வந்துச்சு. போயி ஒரு அட்டை புடிச்சிட்டு வா. வரிசையாத்தான் செய்யணும்."

"அட்டையெல்லாம் எதுக்கு, ஒரு மிதி போதுமே," என்றார் ராஜ்குமார். கால் மணி நேரத்தில் கலைமகள் பாவாடை நனைய வந்தாள். டிபன் டப்பாவுக்குள் அட்டை நெளிந்தது. பர்வின் பெஞ்சின் கடைசிக்கு நகர்ந்தாள்.

"ஆயாம்மா, ஒங்க காலே பரவால்ல."

அப்போதுதான் போன் அடித்தது.

"என்னக்கா, நாலு தடவை கூப்பிட்டிருக்கீங்க?"

"நர்சம்மா, பர்வினுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கு. ஐஸ் வச்சாச்சு. மிதிக்கல. அட்டைதான் ஒண்ணே ஒண்ணு கெடச்சிருக்கு, நெளியுது. எப்படி வச்சுக் கட்டுறது?"

"நெளியுதா?"

"உசுரு இருந்தா நெளியாதாங்கம்மா?"

அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அக்கா... நோட்டு அட்டைக்கா. நோட்டுக்கு மேல இருக்குமே, அந்த அட்டை."

பர்வினின் கணக்கு நோட்டு அட்டையைக் கலைமகள் கிழித்துக் கொடுத்தாள். கிழிக்கும்போது பர்வினுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மணிக்கட்டின் இரண்டு பக்கமும் அட்டையை வைத்து, இறுக்காமல், தளராமல் துணியைச் சுற்றினாள் காத்தாயி. லட்சம் நாற்றுமுடி கட்டிய கை அது. ராஜ்குமார் ஆட்டோ பிடித்தார்.

மணிக்கட்டு எலும்பில் விரிசல். நல்லவேளை, யாரும் கை வைத்து இழுக்கவில்லை, கட்டியவருக்கு நல்ல கை என்றாராம் டாக்டர். சாயங்காலம் ராஜ்குமார் வந்து சொன்னபோது காத்தாயி தன் காலைப் பார்த்தாள். வேறு எங்கேயும் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் டீம் இரண்டு பாயிண்டில் தோற்றது. மாவுக்கட்டோடு ஓரத்தில் உட்கார்ந்து கத்தியதில் பர்வினுக்குத் தொண்டையும் கட்டிக்கொண்டது. அதற்கும் திங்கட்கிழமை இங்கேதான் வந்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளிக்க. மாவுக்கட்டின் மேல் கலைமகள் பேனாவால் ஒரு அட்டை வரைந்திருந்தாள்.

ஜெயபாரதி சுவர்த் தாளுக்குப் பக்கத்தில் பேனாவை நீட்டினாள். "நான் எழுதினது தப்பு. நீங்களே சரி பண்ணுங்க."

காத்தாயி நிதானமாக எழுதினாள். நோட்டு அட்டை. வயல் அட்டை இல்லை.

பிள்ளைகள் போனதும் ஜெயபாரதி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். கழுத்து ஒரு பக்கமாகவே இருந்தது.

"அக்கா, தஞ்சாவூர் பஸ்சுல தூங்கிட்டு வந்ததுலேருந்து கழுத்து திரும்பல. எலும்பு கிலும்பு ஒண்ணும் இல்ல, நானே பார்த்துட்டேன். கொஞ்சம்..."

காத்தாயி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இந்த ரூமுக்குள்ள கால் தரையிலதாங்கம்மா இருக்கணும்," என்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். "வராந்தாவுக்கு வாங்க."