உடைசல் பை

சுகாதார நிலையத்தில் எடை பார்க்கும் வரிசையில் நின்று எனக்குக் கோபம் வராத நாளே கிடையாது. அன்றைக்கும் வந்தது. முதலில் என் மகளைத் தராசில் உட்காரவைத்தார்கள். இரண்டு வயது முடிந்துவிட்டது, எட்டு கிலோதான். அத்தோடு விட்டிருக்கலாம். நர்ஸ் அம்மா என்னையும் ஏறச் சொன்னார். எண்பத்தாறு. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வீட்ல ஆக்குறதெல்லாம் யார் வயித்துக்குப் போகுதுன்னு கேக்கவே வேண்டாம் போல," என்றார் நர்ஸ் அம்மா, எழுதுகிற நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. எங்கள் தெருவில் எனக்கு டேங்கர் என்று பெயர். என் மகளுக்குக் குச்சி. நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்களுக்கு அன்றைய பொழுது போய்விடும். அதெல்லாம் பழகிவிட்டது. பெற்ற பிள்ளையின் சோற்றைப் பிடுங்கித் தின்கிறவள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"அடுத்த மாசம் இதே தேதிக்கு வாங்க. முந்நூறு கிராமாவது ஏறியிருக்கணும். இல்லைன்னா ஆஸ்பத்திரி வார்டுதான். பதினாலு நாள், நீங்களும் கூட இருக்கணும்."

"பதினாலு நாளா? என் வேலை போயிடும்மா."

"புள்ளை போனா பரவாயில்லையா?"

மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் கட்டுகிறேன். கான்ட்ராக்ட் வேலை. பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே கை ஓட வேண்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் சூப்பர்வைசர் பெயரை அடித்துவிடுவார். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம். கேன்டீன் போய்த் திரும்பவே பத்து நிமிடம் ஆகிவிடும். அதனால் லைனில் இருக்கிற எல்லாரும் உடைந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே வேலை பார்ப்போம். மேலே மூன்று டீ, சர்க்கரை தூக்கலாக. வயிறு அடங்கிவிடும். கால் மட்டும் அடங்காது, கடுத்துக்கொண்டே இருக்கும். வாரக் கடைசியில் மிஞ்சிய உடைசலைப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். சும்மாதான். அந்தப் பை வந்தால் வீட்டில் ஒரு கவலை குறைந்த மாதிரி.

வீட்டில் என் கணவரின் அக்கா இருக்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார், பத்து நாளைக்கு ஒருமுறை முகத்தைக் காட்டுவார். குழந்தையைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது அக்காதான். அவர் ஒல்லி. நாக்கு மட்டும் நல்ல நீளம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவர்மீது பாய்ந்தேன். "நீங்க ஊட்டுறீங்களா இல்லையா? புள்ளை காஞ்சுபோய்க் கிடக்கு!"

"நீ கொண்டாந்து போடுறதைத்தானே ஊட்டுறேன்? சோத்தை வாயில வெச்சா துப்புறா. பிஸ்கட்டை டீல நனைச்சுக் குடுத்தா வாயைத் திறக்குறா. அழுகையும் நிக்குது. எனக்கும் இடுப்பு ஒடியுது, தூக்கிட்டே திரிய முடியுமா?"

பை நான் கொண்டுவந்ததுதான். அதைத் தின்றுதான் நான் ஊதினேன், அதைத் தின்றுதான் அவள் காய்ந்தாள். இதை யாரிடம் போய்ச் சொன்னாலும் கதை விடுகிறாள் என்றுதான் சொல்வார்கள்.

அந்த மாதம் பை வாங்கவில்லை. முட்டை வாங்கினேன், பருப்பு வாங்கினேன். காலையில் ஷிப்டுக்குக் கிளம்புமுன் மடியில் போட்டு ஊட்டிப் பார்த்தேன். கதை சொன்னேன், பாட்டுப் பாடினேன், பூச்சாண்டியைக் கூப்பிட்டேன். முட்டையைப் பார்த்தாலே மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருநாள் பொறுமை கெட்டு முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள். நான்தான் கம்பெனி போகிற வழியெல்லாம் அழுதேன். சண்டாளி, சண்டாளி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இத்தனைக்கும் நடுவில் "நீ சாப்பிட்டியா?" என்று அக்கா கேட்டால், "ஆச்சுக்கா" என்று சொல்வேன். அது என்றைக்கும் சொல்கிற பதில். தட்டும் நானும் பகையாகி வருடங்கள் ஆகிவிட்டன. கல்யாணமான புதிதில் இரண்டாம் முறை சோறு கேட்டேன். "இன்னுமா?" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் யார் முன்னாலும் நான் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு பிஸ்கட், நாலு பிஸ்கட், அவ்வளவுதான் என் சாப்பாடு.

அடுத்த மாதம் எடை பார்த்தார்கள். எட்டு கிலோ ஐம்பது கிராம்.

"வார்டுக்கு எழுதுறேன்," என்றார் நர்ஸ் அம்மா.

உடன் வந்திருந்த அக்கா முன்னால் நகர்ந்து நின்றார். "நான் இருக்கேம்மா. இவளுக்கு வேலை போயிடும். என்கிட்டத்தான் புள்ளை வளருது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவரா பேசுகிறார்? நர்ஸ் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. தாய் இருக்கும்போது தாய்தான் தங்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் அக்கா என் மாற்றுத் துணியைத் தானே மடித்துப் பையில் வைத்தார்.

வார்டில் ஆறு கட்டில், ஆறு குழந்தைகள். எல்லாம் என் மகளைப் போலத்தான், கண்ணும் வயிறும்தான் தெரியும். தாய்மாரைப் பார்த்துத்தான் அசந்துபோனேன். ஆறில் மூன்று பேர் என் சைஸ்! பக்கத்துக் கட்டில்காரி ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாளாம். அவளும் டீயிலும் பன்னிலும் நாளை ஓட்டுகிறவள். "நமக்கெல்லாம் தனியா ஒரு கட்டில் செய்யச் சொல்லணும், இது தாங்காது," என்றாள். வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

குழந்தைக்கு ரத்தம் எடுத்தபோது எனக்கும் எடுத்தார்கள். மறுநாள் வார்டு நர்ஸ் சீட்டோடு வந்தார். சின்னப் பெண்.

"உங்களுக்கு ரத்தம் ஏழுதான் இருக்கு. பன்னெண்டு இருக்கணும். எப்படி நின்னு வேலை பாக்குறீங்க? உங்களுக்கும் சத்துக் குறைவுதான்."

"என்னைப் பாத்தா சொல்றீங்க?"

"பாத்துச் சொல்லலை. ரத்தத்தைப் பாத்துச் சொல்றேன். இனி உங்களுக்கும் முழுத் தட்டு. மிச்சம் வெக்கக் கூடாது."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இத்தனை வயதில் எனக்கும் பசிக்கும் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். ஆனாலும் எல்லார் முன்னாலும் உட்காரக் கூசி, வந்த தட்டை வராந்தா மூலைக்கு எடுத்துப்போய் இரண்டு வாய்தான் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் மதியம் சூப்பர்வைசர் போன் செய்தார். "பேரை எடுத்தாச்சும்மா. வேற ஆள் வந்துட்டாங்க. கோவிச்சுக்காதே, என் கையில ஒண்ணும் இல்லை." ஆறு வருடம். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை, வைத்துவிட்டார்.

அப்போதுதான் சாப்பாடு வந்தது. குழந்தைக்குக் கிண்ணத்தில் குழைத்த சோறு, எனக்குத் தட்டில் சோறும் பருப்பும் கீரையும் அவித்த முட்டையும். ஊட்டப் போனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான்கு நாளாக இதே கூத்து. வாய்க்குள் போனதைவிட என் புடவையில் சிந்தியதுதான் அதிகம். எனக்கு எல்லாமே வெறுத்துப்போயிற்று.

"போடி! வேணும்னா தின்னு, வேணாம்னா போ," என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன். கட்டிலுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் தட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். யார் பார்த்தால் என்ன? போகிற மானம் எல்லாம் போயாயிற்று. பிசைந்தேன். ஒரு வாய், இரண்டு வாய். சூடாக இருந்தது. எத்தனை வருடப் பசியோ, கை நிற்கவில்லை.

நாலாவது வாயில் நிமிர்ந்தேன். கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கி எனக்கு எதிரே வந்து நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். என்னமோ அதிசயத்தைக் கண்ட மாதிரி. பார்க்காமல் என்ன செய்வாள்? பிறந்ததிலிருந்து அவள் அம்மா சாப்பிட்டு அவள் பார்த்ததே இல்லை. சோறு என்பது அவளைப் பிடித்து வைத்து வாயில் திணிக்கிற ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருப்பாள்.

மெதுவாக உட்கார்ந்தாள், என்னைப் போலவே காலை மடக்கிக்கொண்டு. என் தட்டில் கையை விட்டாள். நாலு பருக்கை வந்தது. வாயில் போட்டு மென்றாள். துப்பவில்லை. மறுபடியும் கையை விட்டு இந்த முறை முட்டையைப் பிய்த்தாள்.

வேலை போனதற்கு வராத அழுகை அப்போது வந்தது. மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டே சாப்பிட்டேன். வயிறு நிறைந்த பிறகும் சின்னச் சின்ன வாயாக எடுத்துக்கொண்டே இருந்தேன். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.