இரண்டு மணி நேரம் இடிக்கிறது

சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்ன மாப்பிள்ளை பொய் சொல்கிறான் என்று முகம்மது ஹனீபுக்கு அவன் வந்த உடனேயே பட்டுவிட்டது.

"காலையில ஒம்பதுக்கு ஏறுனேன் மாமா. எறங்கி நேரா இங்கதான்" என்றான் சிராஜ். தாராவித் தோல் கிடங்குச் சந்தில் அவன் டாக்சியை விட்டு இறங்கியபோது நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மதராஸுக்கே ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிறது. சிங்கப்பூர் என்ன, பக்கத்து மாஹிமுக்கு அந்தப் பக்கமா?

பெண் ஹனீபின் தங்கை சாயிராவின் மகள் ரோஷன். தகப்பனில்லாத பிள்ளை. போன வருடம் பாண்டுப்பில் வேறொரு வீட்டுப் பெண்ணை ஒருவன் கொழும்பில் கடை இருக்கிறதென்று சொல்லி நிக்காஹ் முடித்தான். கடை வடாலாவில் இருந்தது. கடைக்குள் முதல் பெண்டாட்டி இருந்தாள்.

ஹனீப் தண்டவாளத்தைத் தாண்டி மாட்டுங்காவுக்கு நடந்தார். அங்கே சுயம்பு, ஒரு விமானக் கம்பெனியில் டிக்கெட் எழுதுபவர், சனிக்கிழமை அரைநாள் முடிந்து வீட்டில் படுத்திருந்தார்.

"ரெண்டாயிரத்து நானூறு மைல் பாய். ஜெட்டுன்னா அஞ்சு மணி நேரம்."

"மூணுல வராதா?"

"பின்னால நின்னு நீங்க தள்ளுனாலும் வராது."

ஒன்பதோடு ஐந்தைக் கூட்டினால் பிற்பகல் இரண்டு. அப்போதுதான் விமானமே இறங்கியிருக்க வேண்டும். இவனோ பன்னிரண்டுக்கே இறங்கி, ஒரு மணிக்கெல்லாம் பாயில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மணி நேரம் இடிக்கிறது. தாதரில் ரயிலை விட்டு இறங்கியவன்தான், சந்தேகமில்லை.

சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னார்.

"பயணத்துல நோன்பை விடலாம். அப்பவும் விடாம வந்திருக்காரு காக்கா" என்றாள் சாயிரா.

"அதையும் அவந்தானே சொல்லுதான். நோன்பு தொறந்ததும் அனுப்பிருதேன்."

உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்கு எரியும். ஹனீப் திரையை விலக்கினார். சிராஜ் மணிக்கட்டைப் பார்த்தான், பிஸ்மி சொன்னான், தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கடித்தான்.

"என்ன காரியம்யா செய்யுதீரு? வெளிய வெயில் அடிக்கி."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "ஏழு தாண்டிருச்சே மாமா. பாங்குதான் காதுல விழலன்னு நெனச்சேன்."

ஹனீப் அவன் கையைப் பற்றி இழுத்துப் பார்த்தார். கைக்கடிகாரத்தில் ஏழு ஐந்து. வெளியறைச் சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐந்து. அந்த மணிக்கட்டை அப்படியே தூக்கிக் காதில் வைத்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மேலப்பாளையத்தில் நன்றாக விடிந்துவிடும் நேரத்தில் இங்கே தாராவி இருண்டு கிடக்கும். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அவர் பார்த்ததுதான். கிழக்கே போகப் போகப் பொழுது முந்தும். சிங்கப்பூர் எவ்வளவோ கிழக்கு. அங்கே இந்நேரம் மஃரிப், நோன்பு திறக்கும் பொழுது. அவன் ஏறிய ஒன்பது மணி இங்கே ஏழு. இடித்த இரண்டு மணி நேரத்தை இவன் கையிலேயே கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், முள்ளைத் திருப்பத் தெரியாமல்.

"அனுப்பிருதீகளா காக்கா?" என்றாள் சாயிரா, வாசலில் நின்று.

"சிங்கப்பூர்லருந்துதான் வந்திருக்கான்."

சிராஜ் கொட்டையை உள்ளங்கையில் துப்பினான். "இந்த நோன்பைப் பின்னால பிடிச்சிருதேன் மாமா."

"பிடிக்கணும். நிக்காஹ்வுக்கு முந்தி. இங்க, என் கண்ணு முன்னால."

பேரீச்சம்பழத் தட்டை எடுத்துக்கொண்டு ஹனீப் வெளியே போனார்.