இரண்டு பிரியதத்தம்

டோரதி டீச்சருக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். பெயின்ட் நெடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் மாதா கோயில் இரும்புக் கேட்டுக்கு எனாமல் அடிக்க இந்த வருஷம் தம்பி கிளமென்ட் தனியாகப் போனார்.

அந்தக் கேட் அறுபத்தோரு வருஷமாகச் சவரிமுத்து வீட்டார் பொறுப்பு. பொன்மலை ரயில்வே பட்டறையில் பெயின்டராக இருந்த சவரிமுத்து தொடங்கிவைத்தது. அவருக்குப் பின் பிள்ளைகள் டீச்சரும் கிளமென்டும். கூலி என்று ஒரு பைசா தொட்டதில்லை. திருவிழாவுக்கு வரும் சனம் முழுவதும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அதைவிடப் பெரிய சொத்து எதையும் டீச்சர் வைத்துக்கொண்டதில்லை.

பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, நீ கொஞ்சம் வரியா? பெயின்ட் நிக்கமாட்டேங்குது, வழியுது."

டீச்சர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கைச் சேர்த்து முந்தானையைக் கட்டிக்கொண்டு பாலக்கரையிலிருந்து ஆட்டோவில் போய் இறங்கினார். இடது கதவில் நீல எனாமல் கோடு கோடாக இறங்கியிருந்தது. பக்கத்தில் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர் டோனி கைகட்டி நின்றிருந்தார்.

"வாங்க டீச்சர். பாருங்க, உங்க கேட்டு அழுவுது. பெரிய வெள்ளிக்கிழமைன்னா பொருத்தமா இருக்குன்னு விட்டிருப்பேன். நாளைக்கழிச்சு திருவிழாக் கொடியேத்தம்."

"அதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?"

"சாயங்காலம் வரைக்கும் பாப்பேன் டீச்சர். சரியாகலேன்னா கழட்டி ஒரு கம்பெனிக்கு பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பிடுவோம். அடுத்த வருஷத்திலேருந்து அவங்களே பாத்துப்பாங்க. மினிட்ஸ்ல எழுதியாச்சு, கையெழுத்துதான் பாக்கி."

டீச்சர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். தம்பி பக்கம் திரும்பினார்.

"கம்ப்ரசர் பாத்தியா?"

"எல்லாம் பாத்துட்டேன்க்கா. காத்து சரியா வருது. பெயின்ட் அடிக்கிற துப்பாக்கி முனையைக் கழுவி மாட்டினேன். நாலு பங்குக்கு ஒரு பங்கு டர்பென்டைன்ல ஆரம்பிச்சு, குவளையில பாத்துப் பாத்துதான் சேர்த்தேன்."

"பெயின்டே டூப்ளிகேட்டா இருக்கும் மாமா" என்றார் டோனி.

"ஸ்ரீரங்கம் பீமராவ் கடையில வாங்கினது. அவர் காதுல விழுற மாதிரி இதைச் சொல்லிடாதே. கடைக்கு ஷட்டரை இறக்கிட்டு உன்னைத் தேடி வருவாரு."

டீச்சர் சிரிக்கவில்லை. "எங்கே, இன்னொருதரம் அள்ளிக் காட்டு."

குவளை அப்பாவுடையது. பித்தளை, அடியில் குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய ஓட்டை. கலந்த பெயின்டில் முக்கி மேலே தூக்கியதும் மாதாவை நோக்கிச் செபம் தொடங்கவேண்டும். அதை இரண்டு முறை சொல்லி, இரண்டாவது ஆமெனில் கீழே ஒழுகும் இழை அறுந்தால் பதம் சரி. முன்னால் அறுந்தால் தண்ணி; அறாமல் ஓடினால் கெட்டி. வெயிலும் பெயின்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும். பங்குக் கணக்கு மட்டும் போதாது. எப்போதும் குவளை பிடிப்பவர் கிளமென்ட், செபம் சொல்பவர் டீச்சர்.

கிளமென்ட் குவளையைத் தூக்கினார். "அருள் நிறைந்த…"

"நிறுத்து!"

டோனி திடுக்கிட்டார்.

"என்னடா செபம் இது?"

"மாதா செபம்தான்க்கா."

"அப்பா எதைச் சொல்லிக் கணக்கு வெச்சாரு? பிரியதத்தம்! பழைய மாதா செபம். அது எவ்ளோ நீளம், நீ சொல்றது எவ்ளோ நீளம்?"

கிளமென்ட் குவளையைக் கீழே வைத்தார். இரண்டு வருஷமாக அவர் கோயிலில் பைபிள் படிக்கும் வாசகர். ஒலிபெருக்கியில் புதுச் செபம் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிவிட்டது. செபம் குறுகியிருந்தது. ஆமென் சீக்கிரம் வந்துவிட, அதற்கு ஈடாக அவர் டர்பென்டைனை ஊற்றிக்கொண்டே போயிருந்தார்.

"மாதாவே," என்று தலையில் கை வைத்தார்.

"அவங்களை இதுல இழுக்காதே. துணியை எடு."

பெயின்ட் இன்னும் காயவில்லை. டர்பென்டைனில் நனைத்த துணியால் கதவை இரும்பு தெரியத் துடைத்தார்கள். கிளமென்ட் காவிரிப் பாலம் தாண்டிப் போய் பீமராவிடம் அதே நீலத்தில் ஒரு டின் வாங்கிவந்தார். தண்ணியாகிப்போன கலவையில் புதுப் பெயின்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறினார்.

டீச்சர் காற்று வரும் பக்கமாகப் பத்தடி தள்ளி நின்றார். முப்பத்துநாலு வருஷம் வகுப்பெடுத்த குரலில் பிரியதத்தம் தொடங்கினார். மார்க்கெட் பையோடு போன இரண்டு பெண்கள் நின்று, சிலுவை போட்டுக்கொண்டு, கூடவே சொல்லத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் டோனியும் உதட்டை அசைத்தார். முதல்முறை இரண்டாவது ஆமென் சொன்ன பிறகும் இழை ஓடியது. ஒரு கரண்டி டர்பென்டைன். அடுத்தமுறை சற்றே மிச்சம். இன்னும் அரைக் கரண்டி. மூன்றாம் முறை ஆமெனோடு இழையும் அறுந்தது.

"அடி!" என்றார் டீச்சர்.

துப்பாக்கி சீறியது. மெல்லிய முதல் பூச்சு. பிசுபிசுப்பு அடங்கியதும் அதன்மேல் ஒன்று. ஒரு சொட்டு இறங்கவில்லை. மூன்று மணிக்கு இரண்டு கதவும் முடிந்தன. ஐந்து மணிக்கு டோனி கம்பி கம்பியாகக் குனிந்து பார்த்தார். வழிசலைத் தேடிய இடத்திலெல்லாம் அவர் முகமே தெரிந்தது.

"செல்போன்ல ஸ்டாப்வாட்ச் இருக்கே டீச்சர், அதை வெச்சுப் பாக்கலாமே?"

"தாராளமா வெச்சுக்கங்க. எங்க வீட்டுல செபம்தான்."

டோனி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மினிட்ஸ் நோட்டில் பவுடர் கோட்டிங் வரியை அடித்தார்.

"அடுத்த வருஷத்துக்கு யார் பேரு போடட்டும்? மாமா பேரா, உங்க பேரா?"

"சவரிமுத்து வீட்டார்னு எழுதுங்க" என்றார் டீச்சர். "எழுத்துப்பிழை இல்லாம."