மூன்றாம் பேஸில் முப்பத்திரண்டு ஆண்டுகள்

1937 ஜூன் மாதம், இரண்டாம் ஞாயிறு மாலை நாலேகால் மணிக்கு ஹோசியா டால்பர்ட் அடித்த பந்து, 1969 செப்டம்பரில்தான் கீழே வந்தது. அலபாமாவின் காலோவே ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை; ஹோசியா அப்படித்தான் அடிப்பார். வாரத்தில் ஆறு நாள் சூளையில் செங்கல் சுமந்த தோள் அது. அன்று மெம்பிஸ் அணியோடு பேஸ்பால் ஆட்டம்; கடைசிச் சுற்று, ரன் மூன்றுக்கு மூன்று என்று சமமாக நின்றது. வெள்ளையர் அணி வெளியூர் போயிருந்ததால் மைதானம் கிடைத்தது. குளியலறையை மட்டும் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கறுப்பு ஆட்டக்காரர்கள் பஸ்ஸுக்குள்ளேயே உடை மாற்றிக்கொண்டார்கள். போதகர் ஆட்டத்துக்காகவே ஆராதனையைச் சுருக்கியிருந்தார். பெண்கள் சர்ச் தொப்பியைக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பந்து மேலே போய்ப் புள்ளியானது, பிறகு புள்ளியும் காணாமல் போனது. நாலு பேஸையும் ஓடித் தொட்டால்தான் ஒரு ரன்; ஹோசியா மூன்றாம் பேஸை மிதித்தபோது நடுவர் கிம்ப்ரோ கையைத் தூக்கி நிறுத்தினார். அவர் சபையில் போதகருக்குத் துணையான டீக்கனும்கூட.

“நில்லு பிரதர். பந்து இன்னும் வானத்துல இருக்கு. எவனாச்சும் பிடிச்சா நீ அவுட்டு. வேலி தாண்டி விழுந்தா ஹோம் ரன். விழாம நான் என்னத்தச் சொல்றது?”

“டீக்கன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. அது பிடிபடுற பந்தா?”

“நம்ம ஆட்டத்தைக் கோமாளிக் கூத்துன்னு எதிர்ச்சாரிப் பத்திரிகைக்காரன் எழுதுறான். ஒரு சொல்லு சொல்ல அவனுக்கு நான் இடம் குடுக்க மாட்டேன்.”

“உங்க ஜெபத்தை விட நீளமாப் போகுதே டீக்கன்!” என்று ஒரு தொப்பிக்காரி கத்தினாள்.

மெம்பிஸ் அணியின் கிளியோஃபஸ், பந்தைப் பிடிக்கக் கையுறையை உயர்த்தியபடி அண்ணாந்தே நின்றார். அவரை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது. பந்து வரும்வரை நகர்வது மரியாதையில்லை என்று அந்த ஊரிலேயே தங்கி, கல்யாணம் செய்து, முடிவெட்டும் கடையும் போட்டார். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் ஹோசியா, டீக்கன், கிளியோஃபஸ் மூவரும், கூடவே தொப்பிக்காரிகளும் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். “வரட்டும், பிடிச்சிடுவேன்டா” என்பார் கிளியோஃபஸ். “உன் கையில கத்தரிக்கோலே நிக்கல” என்பார் ஹோசியா. மைதானம் கார் நிறுத்துமிடமானது. வேலி மட்டும் மிஞ்சியது. வெள்ளையர் அணிகள் கறுப்பர்களையும் எடுக்கத் தொடங்கியபோது ஹோசியாவுக்கு முட்டி போயிருந்தது. ஆள் எடுக்க வந்தவர், “எத்தனை ஹோம் ரன் அடிச்சிருக்கீங்க? எந்தப் பேப்பர்லயாவது போட்டிருக்கா?” என்று கேட்டார். எதிலும் போடவில்லை. பார்த்தவர்களும் ஒவ்வொருவராக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்றையும் வானம் விழுங்கிவிட்டால் தான் ஆடியதற்கே சாட்சி இராதே என்று ஹோசியா பயந்தார். அந்தப் பயத்தை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த செப்டம்பர் ஞாயிறு தலைக்கு மேலே விசில் போல ஒரு சத்தம் கேட்டது. அறுபது வயது கிளியோஃபஸ் கார்களுக்கு நடுவே பின்னோக்கி ஓடினார். விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. வேலியோரம் எம்பினார். பந்து கையுறைக்கு ஒரு விரற்கடை மேலே போய், வேலிக்கு அப்பால், எதிர்ச்சாரியில் இருந்த பத்திரிகை அலுவலகத்தின் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. தொண்ணூற்றொரு வயது டீக்கன் நாற்காலியிலிருந்து எழுந்து, வானத்தைப் பார்த்து விரலைச் சுழற்றினார்.

“ஹோம் ரன்! இப்ப போ பிரதர்.”

மூன்றாம் பேஸ் இருந்த இடத்திலிருந்து கடைசிப் பேஸான ஹோம் பேஸ் வரை தொண்ணூறு அடியையும் ஹோசியா நடந்தே கடந்தார். ஹோம் பேஸ் இருந்த இடத்தில் ஒரு நீலக் கார் நின்றது. சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் குப்புறப் படுத்து, காருக்கு அடியில் கையை நீட்டித் தரையைத் தொட்டார். தொப்பிக்காரிகளில் உயிரோடிருந்த நால்வரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாலுக்கு மூன்று.

மறுநாள் பத்திரிகையில், எங்கிருந்தோ வந்த பந்து ஜன்னலை உடைத்தது என்று இரண்டு வரி வந்தது. கிளியோஃபஸ் அதை வெட்டிக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். அதில் பெயர் இல்லை. முடிவெட்ட வருகிற யாருக்கும் அது யாருடைய பந்து என்று கேட்கத் தேவையிருந்ததில்லை.