பட்டை நகர்ந்து முடியும்வரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடை வாசலில் கிடைத்தது. தென்கொரியாவின் சியோல் நகரில், யோங்சான் மின்னணுச் சந்தையில் சார்ஜர் வாங்கக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒருவர் தன் கிழட்டுக் கணினிக்கு வைத்தியம் கேட்டுக்கொண்டிருந்தார். மீதியெல்லாம் கற்பனை, அவருக்கு நான் வைத்த கி-தே என்ற பெயர் உட்பட.

2

"முதுமை என்பது மனிதருக்கு மட்டும்..."

(வேண்டாம். வாசகர் இந்த வரியிலேயே பக்கத்தைப் புரட்டிவிடுவார்.)

கி-தேக்கு மணமுறிவு ஆகிவிட்டது. மகள் சோ-தம் அம்மாவோடு பூசானில். சனிக்கிழமைதோறும் அப்பாவும் மகளும் இணையத்தில் சேர்ந்து விளையாடுவார்கள். போன வாரம் அவள் சொல்லிவிட்டாள்:

"அப்பா, இனிமே ஒரு நிமிஷத்துல உள்ள வரலைன்னா கேமே வெளிய தள்ளிடுமாம். உங்க ஆமைய ஏதாச்சும் பண்ணுங்க."

3

"கிராஃபிக்ஸ் கார்டு மாத்திடலாமாக்கா?" என்று கேட்டார் கி-தே.

"கையில எவ்வளவு வெச்சிருக்க?" என்றாள் கடைக்காரி.

"அறுபதாயிரம் வொன்."

"அதுக்குக் கார்டு வெச்சு வர்ற அட்டைப்பெட்டி கிடைக்கும். கார்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. நொண்டுறது உன் ஹார்ட் டிஸ்க். அதுக்குப் பதிலா வேகமா ஓடுற சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் ஒண்ணு போடு. மிச்சத்துக்குப் பழைய ராம் மெமரி ஒண்ணு தர்றேன். உள்ள இருக்கிற தூசியத் தட்டு, பூனை ஒண்ணு வெளிய வந்தாலும் வரும். ரெண்டு நிமிஷம் இழுக்கிற எடம் பத்து செகண்டுல திறக்கும்."

கி-தேயின் முகம் வாடியது.*

(*மலர்ந்தது என்றுதான் எழுதினேன். ஆள் கேட்கவில்லை.)

காரணம் இதுதான். அந்த இரண்டு நிமிடத்தில்தான் சோ-தம் பேசுவாள். அப்பாவின் திரையில் லோடிங் பட்டை நகர்ந்து முடியும்வரை அவளுக்கு வேறு வேலையில்லை. கணக்கில் வாங்கிய குறைந்த மதிப்பெண், பேச்சை நிறுத்திய தோழி, சமையலறையில் அழுத அம்மா, எல்லாம் அப்போதுதான் வரும். ஆட்டம் தொடங்கிவிட்டால், "அப்பா, இடது பக்கம்! ஐயோ, அது வலது!" மட்டும்தான்.

எஸ்எஸ்டி வாங்காவிட்டால் ஆட்டமில்லை. வாங்கினால் பேச்சில்லை.

4

முதல் முடிவு: வாங்கினார், மகள் எதிரியைத் தேடி ஓடிவிட்டாள். எழுதியதை அடித்துவிட்டேன். அந்த மனிதருக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது: போனில் பேசிக்கொள்ளட்டுமே? பதிமூன்று வயதுப் பிள்ளைக்குப் போன் போட்டு "ஏதாவது பேசும்மா" என்று சொல்லிப் பாருங்கள். "ம்" என்று ஒன்று வரும்.

5

வாங்கிவிட்டார். மாட்டிவிட்டார். சனிக்கிழமை, கண் சிமிட்டுவதற்குள் விளையாட்டின் கோட்டை வாசல் திறந்தது.

"அப்பா, வந்துட்டீங்களா?"

"இன்னும் லோட் ஆகுதும்மா."

வாய் முந்திக்கொண்டது. ஒன்றை மறந்துவிட்டார் கி-தே. அவருடைய வீரன் அவள் திரையிலும் தெரிவான். அவள் பக்கத்திலேயே, கையில் கோடரியோடு, முழு உருவமாக நிற்கிறான்.

ஹெட்போனில் அவள் மூச்சு மட்டும் கேட்கிறது. அவளும் ஓடவில்லை.

அவள் சொல்லப்போவதாக மூன்று வரிகள் எழுதினேன். ஒன்றில் சிரித்தாள், ஒன்றில் கோபித்தாள், மற்றொன்று... மூன்றையும் கிழித்துப் போட்டேன். நீங்களும் ஒரு காலத்தில் யாருக்கோ பிள்ளையாக இருந்தவர்தானே? அந்த வரியை நீங்களே சொல்லுங்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.