கை தூக்கிய இருநூறு பேர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டுமே. அடிவயிற்றில் வைத்துக்கொண்டு வெளியே பல்லைக் காட்டுகிறவர்களைவிட நான் தேவலை. அப்படிப்பட்டவர்கள் இருநூறு பேர் ஒரே கூரையின் கீழ் கூடும் இடம் ஒன்று இருக்கிறது. கடல் அறிவியல் ஆசிரியர்களின் ஆண்டுக் கூட்டம்.

பள்ளிக்கூட ஆசிரியர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், மீன் காட்சியகத்தில் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். கடற்கரை விடுதி ஒன்றில் இரண்டு நாள் கூத்து. கழுத்தில் பெயர் அட்டை, கையில் காகிதக் கோப்பையில் ஆறிப்போன டீ. வாசலில் 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பேனர். அதைப் பார்த்து எனக்கு வருஷா வருஷம் எரிச்சல் வரும், டீ குடித்ததும் அடங்கிவிடும்.

சங்கத்தின் தலைவி என் நாத்தனார். என் கணவருக்கு மூத்தவர், மீன்வளக் கல்லூரியில் துறைத் தலைவர். குரலை உயர்த்தாமலே நாலு பேரை வேலை வாங்கத் தெரிந்தவர். நான் விடுதியிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு கடலோரப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் நட்சத்திர மீன் வளர்ப்பார்கள். திங்கட்கிழமை தோறும் ஒவ்வொன்றின் கையையும் அளந்து நோட்டில் எழுதுவார்கள். வருஷக் கடைசியில் அவற்றை ஒரு தொட்டியில் போட்டு நான் கூட்டத்துக்குக் கொண்டுபோவேன். எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் சிறப்பு விருந்தினர் தன் கையால் கடலில் விடுவார். 'கடலிடம் வாங்கியதைக் கடலுக்கே கொடுப்போம்' என்று நான் மைக்கில் இரண்டு நிமிஷம் பேசுவேன். கைதட்டல் கட்டடத்தைப் பிளக்கும்.

அந்த வழக்கத்தை ஆரம்பித்ததும் நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் கூட்டம் எங்கள் பள்ளியிலேயே நடந்தபோது சொன்ன யோசனை. பிறகு கூட்டம் பெருத்தது, பள்ளி போதவில்லை. நாலு வருஷமாக இந்த விடுதியில்தான் நடத்துகிறோம், இது ஐந்தாவது.

இந்த வருஷம் ஒன்பது நட்சத்திர மீன்கள். இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. ராத்திரி யாரோ புண்ணியவான் ஏ.சி.யை நிறுத்தியிருக்கிறான். பாதித் தண்ணீரையாவது மாற்றியாக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.

புதுத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் உப்பு அளப்பது என் பழக்கம். அதற்குச் சாண் நீளத்தில் ஒரு கருவி உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கோடு ஓர் எண்ணில் நிற்கும். நல்ல கடல்நீர் என்றால் முப்பத்தைந்து. கோடு எட்டில் நின்றது.

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். எட்டு. ஐம்பது அடி தள்ளிப் போய் மொண்டு பார்த்தேன். ஏழு. அப்போதுதான் தலையைத் தூக்கினேன். விடுதிச் சுவரை ஒட்டி ஆறு வந்து கடலில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் பெய்த மழையில் செம்மண் நிறத்தில் புரண்டு வந்தது. நாலு வருஷம் மாடியில் நின்று 'எவ்வளவு அழகு' என்று நான் சொன்ன அதே ஆறு. வருஷா வருஷம் மழைக்காலம் முடிகிற இதே வாரத்தில்தான் கூடுகிறோம்.

நட்சத்திர மீனுக்கு உடம்புக்குள் வருகிற நல்ல தண்ணீரைத் தடுக்க வழி கிடையாது. ஊறும், வீங்கும், தொய்ந்துவிடும். ஓர் இரவு போதும். இது எட்டாம் வகுப்புப் பாடம், இரண்டு மதிப்பெண் கேள்வி. முதல் நாலு வருஷமும் பள்ளிக்குப் பக்கத்துப் பாறைக் கரையில் எடுத்து அதே பாறையில் விட்டோம், சரி. இங்கே வந்த பிறகு? முதல் வருஷம் பன்னிரண்டு. அடுத்து பத்து. அதற்கடுத்து பதினொன்று. போன வருஷம் எட்டு. நாற்பத்தொன்று. மேடையில் மைக்கைப் பிடிக்கிறவள் எதற்குத் தண்ணீரில் கால் வைக்கப் போகிறாள்? நாலு வருஷமும் நல்ல செருப்பு போட்டுக்கொண்டு தள்ளி நின்றே கை தட்டியிருக்கிறேன்.

இங்கே இரண்டாம் வருஷம் விட்ட அந்தப் பத்தில் ஒன்று என் மகள் வளர்த்தது. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது, என்னிடமே எட்டாம் வகுப்பு படித்தாள். ஒரு கை ஒடிந்து வந்த மீன் அது. புதுக்கை முளைத்ததைப் பதினோரு மாதம் அளந்தாள். விருந்தினர் கையில் அவளே வைத்தாள். வாளியைக் கவிழ்த்துவிட்டு மேலே ஓடினேன்.

நாத்தனார் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, சாயங்காலம் மீன் விடறது வேண்டாம். தண்ணியில உப்பே இல்ல. எட்டு காட்டுது. விட்டா விடியறதுக்குள்ள செத்துரும். நீங்களே பாருங்க."

கருவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பேனாவும் நிற்கவில்லை.

"விருந்தினர் அதுக்குத்தான்மா வர்றார். பத்திரிகைக்காரங்க வேற வர்றாங்க. அடுத்த வருஷம் இடத்தை மாத்திக்கலாம்."

"நான் செத்துரும்ங்கிறேன், நீங்க அடுத்த வருஷம்ங்கிறீங்க!"

"கத்தாதே. நீ ஆரம்பிச்ச வழக்கம்தானே? நாலு வருஷம் நீயேதானே கொண்டாந்து குடுத்தே? இன்னிக்கு மட்டும் என்ன புது ஞானோதயம்?"

அது சுருக்கென்று தைத்தது. கோபம் இரட்டிப்பானது. கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

டீ இடைவேளையில் ஒரு பேராசிரியரைப் பிடித்தேன். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் 'பாடப்புத்தகம்' என்போம். நட்சத்திர மீன் பற்றிய பாடத்தை எழுதியவரே அவர்தான்.

"சார், கீழ தண்ணி எட்டு காட்டுது."

"மழை பேஞ்சிருக்குல்ல. இருக்கும், இருக்கும்." பிஸ்கட்டை டீயில் முக்கினார்.

"நட்சத்திர மீன் தாங்குமா சார்?"

"எப்படித் தாங்கும்? தாங்கவே தாங்காது."

"அப்ப சாயங்காலம் விடறோமே?"

"அது நிகழ்ச்சிம்மா. அறிவியலெல்லாம் காலையிலேயே முடிஞ்சிருச்சே." முக்கிய பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. என்னைவிட அதற்காகத்தான் அவர் அதிகம் வருத்தப்பட்டார்.

மீன் காட்சியகத்து அம்மாள் என் தோளைத் தட்டினாள். "விடுங்க டீச்சர். ஒம்பதுதானே? கடல்ல கோடி கெடக்கு." அவளுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சட்டென்று போனை எடுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒருவருக்காவது தெரியாமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கொதித்திருக்காது. தெரியாதவனுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். இவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

சாயங்காலம் சிறப்பு விருந்தினர் வந்தார். துறைமுக அதிகாரி, மீன் விஷயமெல்லாம் அவருக்குச் சாப்பாட்டுத் தட்டோடு சரி. என் இரண்டு நிமிஷத்துக்கு அழைத்தார்கள். நாத்தனார் முன்வரிசையில் உட்கார்ந்து, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். மைக்கைப் பிடித்தேன்.

"நட்சத்திர மீன் நல்ல தண்ணியில உயிரோட இருக்காதுன்னு பாடம் நடத்தறவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க."

ஆசிரியர் புத்தி. கேள்வி கேட்டால் கை தானாக மேலே போகும். இருநூறு கைகளும் போயின. பாடப்புத்தகம் இரண்டாம் வரிசையில் கையை நன்றாக நீட்டித் தூக்கினார்.

"இறக்காதீங்க. நாம இப்ப விடப்போற தண்ணியில உப்பு எட்டு. காலையில நானே அளந்தேன். மத்தியானமும் அளந்தேன், அப்பவும் எட்டுதான். மழை வந்தா இங்க இப்படித்தான் இருக்கும். இது ஆத்து வாய். இது உங்களுக்கெல்லாம் தெரியும்."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிலர் தலையைக் கோதுவதுபோல் இறக்கினார்கள்.

அதிகாரி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இத்தனை வருஷமா விட்டதெல்லாம் என்னம்மா ஆச்சு?"

"இங்க விட்டது நாற்பத்தொண்ணு சார். செத்துருக்கும். கொண்டாந்து குடுத்தது நான். மொதல்ல கை தட்டினதும் நான்தான்."

நாத்தனார் மெல்ல எழுந்து வந்து, என் கையிலிருந்த மைக்கைப் பூப்போல வாங்கினார். "நம்ம டீச்சருடைய அக்கறைக்கு ஒரு பலத்த கைதட்டல்!" என்றார்.

தட்டினார்கள். சத்தியமாகத் தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைப்பார்கள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். மேடையை விட்டு இறங்கி, தொட்டியைத் தூக்கி, ஒரு மூச்சில் பள்ளி வேனில் கொண்டுபோய் வைத்துக் கதவைப் பூட்டினேன்.

பத்து நிமிஷத்தில் கூட்டம் கரைக்கு இறங்கியது. மீன் என்னிடம் இருக்கிறது, எதை விடப்போகிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு நீலத் தொட்டி வந்தது. அதிகாரி தயங்கினார். நாத்தனார் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் தொட்டியைச் சாய்த்தார். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"டீச்சர், அந்தத் தொட்டியில என்ன?" என்றார் வேன் டிரைவர்.

"தண்ணி."

"தண்ணியவா கொண்டுபோய்க் கடல்ல ஊத்தறாங்க? படிச்சவங்கதானே எல்லாரும்?"

"வண்டியை எடுங்க" என்றேன்.

எங்கள் ஊர்ப் பாறைக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. உப்பு அளந்தேன். முப்பத்து நாலு. பாறைகளுக்கு நடுவே கடல்நீர் தேங்கிய குழியில் இறங்கி ஒவ்வொன்றாகப் பாறையில் வைத்தேன். ஒன்பதும் பிடித்துக்கொண்டு நகர ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மகள் முன்னறையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அத்தை குடும்பக் குழுவில் அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். அதிகாரி, நீலத் தொட்டி, சிரித்த முகங்கள். கீழே 'இந்த வருஷமும் கடலுக்கே கொடுத்தோம்' என்று என் வசனம். என் கணவர் விஷயம் தெரியாமல் ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தார்.

"அது வெறும் தொட்டி. மீனை நான் கொடுக்கல" என்று ஆரம்பித்தேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ வளத்த மீனு..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"அதை விட்ட மறுநாள் காலையில நானும் அத்தையும் விடுதிக் கரையில நடக்கப் போனோம். நீ தூங்கிட்டிருந்தே. எல்லாமே கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு. பத்தும். என்னுதோட புதுக்கை மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருக்கும்ல, அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

உட்கார்ந்துவிட்டேன். காலையில் நாத்தனார் ஏன் கருவியை வாங்கிப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவருக்கு எண் தேவைப்படவில்லை. மூன்று வருஷமாகத் தெரியும். தெரிந்தே என்னிடம் மேலும் இரண்டு தடவை மீன்களை வாங்கி விருந்தினர் கையில் கொடுத்திருக்கிறார். போனை எடுத்து அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்கத்தான் கை பரபரத்தது.

"உங்கத்தை மறைப்பாங்க, அவங்களுக்குச் சங்கம் முக்கியம். நீ ஏன்டி மறைச்சே?" அவள்மேல்தான் பாய்ந்தேன். "மூணு வருஷமா! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"அத்தைதான், உங்கம்மா தாங்க மாட்டா, சொல்லாதேன்னாங்க." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. "நீ அன்னிக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்தே. எல்லாரும் வந்து உன் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. நான் அப்பவே சொல்லியிருந்தா அடுத்த வருஷம் நிறுத்தியிருப்பியாம்மா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நாள் முழுக்க அத்தனை பேரிடம் கத்திய வாய். அந்த ஒரு வார்த்தை வரவில்லை.